கவுனுக்கு வைத்துத் தைத்த கயிறு

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சின்ன வயதில் மாதா கோயில் பூசை நேரத்தில் முழங்காலில் நிற்க முடியாமல் நெளிந்து நெளிந்து சாமியாரிடம் காதைத் திருகக் கொடுத்தவன் நான். கடலுக்குப் போகிறவனுக்கு அது ஒரு குறையே இல்லை. வள்ளத்தில் சும்மா இருக்க யார் விடுவார்கள்? பாயை இழு, தண்ணீரை இறை, வலையை வாங்கு என்று ஏதாவது ஒன்று கைக்கு இருந்துகொண்டே இருக்கும். கரையில்தான் எனக்குக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்துவிட்டால் வீட்டுக்கும் கடற்கரைக்குமாக நடந்து தீர்ப்பேன்.

"காலுல சக்கரமா கட்டிருக்கீக? ஒரு எடத்துல உக்காருங்களேன். பாக்குற எனக்குக் கிறுகிறுன்னு வருது" என்பாள் என் மனைவி.

அவள் எனக்கு நேர் எதிர். மடியில் துணியும் கையில் ஊசியும் கிடைத்துவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கிழிந்த சேலை, பிள்ளைகளுக்குப் பத்தாமல் போன சட்டை, பாம்பன் தையல்காரர் கூட்டித் தள்ளுகிற துண்டுகள் என்று அவள் சேர்க்காத துணி கிடையாது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து நூலோட்டித் தைப்பாள். அதன் மேல் பூவும் இலையுமாக வெட்டிய வண்ணத் துண்டுகளை வைத்து ஒட்டுப்போட்டால் போர்வை தயார். வாடைக் காலத்தில் பிள்ளைகள் மூன்றும் அதற்குள்தான் குடித்தனம் நடத்தும். "இந்தக் கந்தல வச்சு என்னத்தடி சாதிச்ச?" என்று நான் சீண்டினால், "ஒங்க வலைய விடக் கந்தலா இது?" என்று கேட்பாள். 

சுதந்திரம் வந்து சில வருசம் ஆகியிருந்த காலம் அது. அந்த வருசம் மாசியில் அவளுக்கு வந்த இருமல் நிற்கவில்லை. முதலில் சளி என்றோம். பிறகு உடம்புச் சூடு என்றோம். வாயைத் துடைத்த துணியில் ரத்தம் பார்த்த அன்று வள்ளத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவளை ரயிலேற்றி இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காசம் என்றார்கள். படுக்கையில் வைத்து மாசக்கணக்கில் பார்க்க வேண்டும், பிள்ளைகளைக் கிட்டே விடக் கூடாது, படுக்கை காலியானதும் வந்து சேருங்கள் என்றார்கள். இப்போது புதுசாக ஊசி மருந்து வந்திருக்கிறது, பயப்படாதே என்று டாக்டர் சொன்னார். ஆனால் எங்கள் கரையில் காசம் என்று போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

படுக்கை காலியானதாகத் தகவல் வந்ததும் அவளைச் சேர்த்துவிட்டுத் தனியாக வீடு திரும்பினால், தைக்கிற மூட்டையைக் காணோம். கத்தரிக்கோலும் ஊசியும் நூலும் வைக்கிற தகரப் பெட்டியைக் காணோம். என் கொழுந்தியாள் வீடு பக்கத்து வீடு. மனைவிக்கு உடன்பிறந்த தங்கச்சி. அவள் வீட்டுத் திண்ணையில் அந்த மூட்டை உட்கார்ந்திருந்தது.

"அக்காதான் குடுத்துட்டுப் போச்சு மச்சான்" என்றாள். "மூத்தவளோட புதுநன்மைக் கவுனுக்கு வாங்கின வெள்ளத்துணியும் உள்ள இருக்கு. என்னையத் தைச்சுப் போட்டுவிடச் சொல்லிருச்சு. பாதியில நிக்குற போர்வையையும் நீயே முடிச்சு வச்சுக்கன்னு..."

மேலே சொல்ல முடியாமல் அவள் அழுதாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. புதுநன்மை என்பது எங்கள் பிள்ளைகள் முதன்முதலாகப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளைக் கவுனும் தலையில் வலைத்துணியுமாக நிற்கிற பெண்பிள்ளைகளைப் பார்க்கக் கரையே கூடும். மூத்தவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கவுனைப் பற்றித்தான் தாயும் மகளும் பேசுவார்கள். அந்தத் துணியையே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றால், திரும்பி வருகிற நினைப்பே இல்லாமல்தானே போயிருக்கிறாள்?

"செத்தவ சாமானா இது, ஆளுக்கொண்ணாப் பங்கு போடுறதுக்கு? குடு இங்க!" என்று மூட்டையைப் பிடுங்கினேன். "அவ வந்து தைப்பா. அதுவரைக்கும் எவளும் தொடக் கூடாது."

"நல்லாருக்கு மச்சான் ஒங்க நாயம்! நானா கேட்டேன்? அம்புட்டு ரோசமிருந்தா எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கோபத்தில் தகரப் பெட்டியைக் கதவுக்கு வெளியே அவள் வீசியதில் பொத்தான்கள் மணலில் சிதறின. மூத்தவள்தான் உட்கார்ந்து பொறுக்கினாள்.

அப்புறம் என்ன, நான்தான் பார்த்துக்கொண்டேன். தம்பி வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு வள்ளத்தை ஓட்டினான். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிற வயது. நடுவிலான் எதைக் கண்டாலும் வாயில் வைப்பான். கடைக்குட்டி அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறான், நடக்கிற இடமெல்லாம் அடுப்பும் கிணறும்தான். கஞ்சி வைத்தால் பொங்கி அடுப்பை அணைக்கும். அடுப்பை ஊதும்போது ஒருத்தன் தெருவுக்கு ஓடுவான். அவனைப் பிடித்து வருவதற்குள் இன்னொருத்தன் தண்ணீர்ப் பானையில் கையை விட்டு மீன் பிடிப்பான். வெளியே தெற்கிலிருந்து சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மற்ற வள்ளங்களின் பாய் ஒவ்வொன்றாக விரிந்து போவதைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்கிறபோது எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அலைவாய்க் கரை வரை போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். மணலில் என் காலடி விழுந்து விழுந்து ஒரு பாதையே ஆகிவிட்டது.

கடைக்குட்டிக்கு மத்தியானத் தூக்கம் வந்தால் அந்தப் பாதிப் போர்வை வேண்டும். தாய் வாசம் அதில்தான் இருந்தது போல. இழுத்து இழுத்து ஓரத்தை அவன் பிரித்துவிட்டான். இப்படியே விட்டால் எல்லாம் சிலும்பிப் போகும் என்று ஒரு நாள் ஊசியை எடுத்தேன். அவள் வந்துதான் தொட வேண்டும் என்று கத்தியவன் நான்தான். ஆனால் ஓரம் பிரிகிற துணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. வள்ளத்துப் பாய் கிழிந்தால் ஒட்டுப்போடுகிறவன்தானே நானும்?

ஊசி சின்னது. என் விரலோ நங்கூரக் கயிறு இழுத்துக் காய்த்தது. முதலில் நூல் கோக்கவே தாவு தீர்ந்துவிட்டது. மூத்தவள் சிரித்துவிட்டுக் கோத்துக் கொடுத்தாள். ஒரு ஓரம் முடிந்தது. அடுத்த ஓரத்தையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அப்புறம் மூட்டையைக் கொட்டி, என்னென்ன நிறம் இருக்கிறது என்று பார்த்தேன். சிவப்பில் ஒரு துண்டு கிடைத்தது. அதில் ஒரு மீனை வெட்டி அவள் வைத்திருந்த பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடடா, என்ன அழகாக இருந்தது! விளிம்பை உள்ளே மடித்து, ஊசி மேலே தெரியாமல் குத்தி எடுத்து ஒட்டிய பிறகு தலையைத் தூக்கினால், சோறு குழைந்துவிட்டது, நான் எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். பாய் தைப்பது வேலை. இது வேறு. பிள்ளைகள் போர்வையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுவார்கள். "அய்யா, நண்டு வை" என்பான் நடுவிலான். நண்டு வைத்தால் காலைக் காணோம் என்பான். ஒவ்வொரு காலாக வெட்டி ஒட்டுவதற்குள் கடைக்குட்டி நூல்கண்டை உருட்டிக்கொண்டு வாசல் தாண்டிவிடுவான். ஊசியை வாயில் கடித்துக்கொண்டே அவனைத் துரத்துவேன். துரத்திப் பிடித்து, கழுவிவிட்டு, கஞ்சி ஊட்டி, மறுபடி வந்து விட்ட இடத்தைத் தேடுவேன். அந்தக் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்காகவே அடுப்பு வேலையைப் பறந்து பறந்து முடிப்பேன். இவள் ஏன் வரிசையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கரையில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? "என்ன மாப்ளே, சேலைக்கும் பூ வச்சுத் தைச்சுத் தருவியா?" என்று வலை உலர்த்துகிறவர்கள் கேட்டார்கள். "பாய் தைச்சா ஆம்பள, பூ தைச்சா பொம்பளையா? போங்கலே அங்கிட்டு" என்றேன். கொழுந்தியாளும் வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். நான் திரும்பினால் தலை மறைந்துவிடும்.

ஞாயிறு தவறாமல் பிள்ளைகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறுவேன். பாலம் தாண்டி, மண்டபம் தாண்டி, உச்சிப்புளி வருவதற்குள் பெட்டிக்குள் எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்திருப்பேனோ. ஆஸ்பத்திரியில் காச நோயாளிகளுக்கு ஒதுக்குப்புறமாக ஒரு நீளக் கட்டடம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். போன தடவையைவிட இந்தத் தடவை இளைத்திருப்பாள். பிள்ளைகள் செய்ததையெல்லாம் நான் சொல்வேன். நண்டைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டேன், மூட்டையை நான் பிடுங்கியது தெரிந்துவிடுமே. "ம்" என்பாள். கொண்டுபோன மீன் குழம்பு தூக்குவாளியோடு அப்படியே இருக்கும்.

ஒரு ஞாயிறு அங்கிருந்த நர்சம்மா என்னை வராந்தாவில் நிறுத்தினார். "ஊசி வேலை செய்யுதுங்க. சளி கொறஞ்சிருக்கு. ஆனா சாப்பிட மாட்டேங்குறாங்க. கஞ்சியக் குடுத்தா ரெண்டு வாயோட தள்ளி வச்சிர்றாங்க. வயித்துல ஒண்ணும் இல்லாம மருந்து மட்டும் என்ன செய்யும்? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். கெஞ்சினேன். பிறகு அதட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எதுக்குக் கத்துறீக? போறவளுக்குக் கஞ்சி என்னத்துக்கு? பிள்ளைகளப் பாத்துக்கங்க. யாராச்சும் நல்லவளா ஒருத்தியப் பாத்துக் கட்டிக்கங்க. தங்கச்சி கவுன் தைச்சிட்டாளா?"

"ம்" என்று நானும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன், இல்லை அடித்திருப்பேன். எது என்று எனக்கே தெரியாது. கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று என்னைப் பிடித்து ஆட்டியது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் "போறவளாம், போறவ" என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு போனேன்.

ஊருக்கு வந்தால், புதுநன்மைக்கு நாள் வைத்தாயிற்று என்று ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற கன்னியாஸ்திரி அம்மா வீடு தேடி வந்து சொன்னார். "கவுனுக்குக் கவலைப்படாதே. கான்வென்ட் பெட்டியில் பழைய கவுன் ஒன்று இருக்கிறது, அளவாகத்தான் இருக்கும்" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். மூத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். தாயில்லாப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி இருந்தது எனக்கு. "வேணாம்மா. எம்பிள்ளைக்கு எரவல் கவுன் எதுக்கு? துணி இருக்கு, தைக்கிறோம்" என்று வாயை விட்டுவிட்டேன். கொழுந்தியாளிடம் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. மனைவியும் அந்த நாளுக்குள் வரப்போவதில்லை. நானேதான் தைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

மூத்தவளை நிறுத்தி வைத்து, தூண்டில் நூலில் முடிச்சுப் போட்டு அளவெடுத்தேன். எங்களுக்கு அளவு என்றால் அதுதான். வெள்ளைத் துணியை விரித்துக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவன் இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். என் மனைவி ஆசை ஆசையாக வாங்கி வைத்த துணி. ஆனால் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் அப்புறம் பயம் போய்விடுகிறது. பழகிய கை அதுவாகப் போக ஆரம்பித்தது.

பழகிய கை என்றேனே, அங்கேதான் வினை. பாய் தட்டையாக இருந்தால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் பாய்த் துணியைப் பட்டை பட்டையாக வெட்டுவோம். நடுவில் சற்று அகலம், நுனியில் ஒடுக்கம். அப்படி வெட்டிச் சேர்த்தால் பாய்க்கு வயிறு வைக்கும், காற்று அதில் தங்கும். கவுனின் கீழ்ப்பாகத்தை நான் அப்படித்தான் வெட்டினேன். பிள்ளை இடுப்புக்குக் கீழே பொம்மென்று அழகாக நிற்குமே என்று நினைத்தேன். பாயின் விளிம்பு காற்றில் கிழியாமல் இருக்க ஓரத்தில் கயிறு வைத்து மடித்துத் தைப்போம். கவுன் ஓரமும் பிரியக் கூடாது அல்லவா? வெள்ளையாக, சன்னமாக ஒரு கயிறு எடுத்துச் சுற்றிலும் உள்ளே வைத்து நெருக்கித் தைத்தேன். எவ்வளவு இழுத்தாலும் அசையாது. நானே இழுத்துப் பார்த்து மெச்சிக்கொண்டேன்.

தலைக்குப் போடுகிற வலைத்துணி கடையில் வாங்கவில்லை. வலை பின்னுகிறவன் வீட்டில் வலைக்குப் பஞ்சமா? வெள்ளைத் தையல் நூலில், நெத்திலிகூடத் தப்ப முடியாத சின்னக் கண்ணாக வைத்து நானே முடிந்தேன். கண் பூத்துப் போயிற்று. ஆனால் அதை விரித்து மூத்தவள் தலையில் போட்டுப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கிடைத்த சந்தோஷம் வள்ளம் நிறைய மீன் கிடைத்த நாளில்கூடக் கிடைத்ததில்லை. "அய்யா, நெசமாவே நீயா செஞ்ச?" என்று கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்றாள். வீட்டுக்குள்ளே காற்று கிடையாது. கவுனும் அழகாகத்தான் தொங்கியது.

புதுநன்மை அன்று காலையில் கோயிலுக்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிள்ளைகள் வரிசையாகப் போய் முழங்காலில் இருந்து நற்கருணை வாங்கினார்கள். வலைத்துணியைப் பார்த்துவிட்டுப் பெண்கள் பக்கத்தில் ஒருத்தர் காதை ஒருத்தர் கடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூசை முடிந்ததும் பிள்ளைகள் மெழுகுதிரியோடு கடற்கரைச் சிலுவை வரை சுற்றுப் போவது எங்கள் வழக்கம்.

கோயில் கதவைத் தாண்டி மணலில் கால் வைத்தார்களோ இல்லையோ, சோழகம் வந்து என் மகள் கவுனுக்குள் புகுந்தது. கயிறு வைத்துத் தைத்த ஓரம் வளையமாக விறைத்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. வயிறு வைத்து வெட்டிய துணி, வைத்தபடியே வயிறு வைத்தது. கவுன் இடுப்பு வரைக்கும் ஊதி எழும்பிவிட்டது. அவள் ஒரு கையால் அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிறது. மெழுகுதிரியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தாள். காற்று அவளையே தள்ளிக்கொண்டு போய் முன்னால் போன பிள்ளை மேல் மோதவிட்டது.

"ஏலே, பாய் விரிச்சாச்சுலே! இலங்கைக்குத்தான் போகுது!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான், கரையே சிரித்தது. சாமியார்கூட மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தியவனைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தேன், தம்பி இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அதற்குள் கொழுந்தியாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். பிள்ளையின் பக்கத்தில் போய், கவுன் ஓரத்தைக் கொத்தாகப் பிடித்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். அப்படியே சிலுவை வரைக்கும் கூடவே நடந்தாள். என்னைக் கடக்கும்போது, "கயிறு வச்சுத் தைச்சிருக்கு பாரு மனுசன். கட்டிப் போடுறதுக்குப் பிள்ளை என்ன வள்ளமா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தாயைப் போலவே முறைத்தாள்.

"இதக் கழட்ட மாட்டேன். இப்புடியே அம்மாகிட்டப் போறேன். நீ எனக்குச் செஞ்சத அம்மா பாக்கட்டும்."

"பிள்ளைகள அங்கன விட மாட்டாகடி."

"வெளிய நின்னு காட்டுறேன்."

என்ன சொல்லியும் கேட்கவில்லை. சின்னவர்கள் இருவரையும் கொழுந்தியாளே வந்து தூக்கிக்கொண்டு போனாள். ரயிலில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஜன்னல் காற்றுக்குக் கவுன் எழும்பாமல் என் துண்டை அவள் மடியில் போட்டுக் கட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.  சாகப் போகிறேன் என்று படுத்திருக்கிறவள் முன்னால் இந்தக் கோலத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? நான் இல்லாவிட்டால் என் பிள்ளைகள் கதி இதுதான் என்று நினைத்து, இன்னும் நொறுங்கிப் போவாளே? மண்டபத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட எழுந்து நின்றேன். மூத்தவள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவர் இடுப்பளவு உயரம்தான். அதற்கு அப்பால் வெறும் முற்றம், அதைத் தாண்டி அந்த நீளக் கட்டடத்தின் வராந்தா. நர்சம்மாவிடம் சொன்னேன். "எழுந்து வருவாங்களான்னு தெரியல, சொல்லிப் பாக்குறேன்" என்று உள்ளே போனார். நான் சுவருக்கு வெளியே முன்னும் பின்னுமாக நடந்தேன். மூத்தவள் துண்டை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, சுவர் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

நர்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி வந்தாள். தூணில் சாய்ந்துகொண்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. மகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வலைத்துணியைக் கண்டதும் கை தானாக வாய்க்குப் போயிற்று. அழப் போகிறாள் என்று நினைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து முற்றத்துப் புழுதியை வாரிக்கொண்டு ஒரு காற்று வந்தது. கவுன் பொம்மென்று எழும்பியது.

"என்னது அது?" என்றாள்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. ஆனால் அதில் ஏதோ ஒன்று இருந்தது.

"அங்கனயே நில்லு. திரும்பு. இன்னும் திரும்பு... ஓரத்துல என்ன வச்சுத் தைச்சிருக்கு? கயிறா?"

"ஓரம் பிரியாம இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தேன்.

"ஒங்கள யாரு தைக்கச் சொன்னா? தங்கச்சிகிட்டல்ல குடுத்துட்டு வந்தேன்!"

"நான் புடுங்கிட்டேன்."

"எதுக்கு?"

"நீ வந்து தைப்பன்னு."

  காற்று நின்று கவுன் மெள்ளத் தணிந்து இறங்கியது. அப்புறம் அவள் தூணை விட்டுவிட்டு வராந்தாப் படி வரைக்கும் வந்துவிட்டாள். நர்சம்மா பதறிப் பிடிக்க வந்தார், கையை உதறினாள்.

"பாய வெட்டுற மாதிரியா பிள்ளைத் துணிய வெட்டுவீக? வளர்ற பிள்ளைக்கு உள்ள ஒரு விரல் மடிப்பு விட்டீகளா? இடுப்புல சுருக்கம் வச்சீகளா? எம்புட்டு ஆசையா வாங்கின துணி! இதப் போட்டுக்கிட்டு ஊரு முன்னால நின்னாளா எம்புள்ள? சிரிச்சிருப்பாகளே! சிரிச்சாகளா இல்லையா? சொல்லுங்க!"

"சிரிச்சாங்கம்மா!" என்று மூத்தவள் சுவர் மேலிருந்து கத்தினாள். "சாமியார்கூடச் சிரிச்சாரு!"

இருமல் வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. குனிந்து, படியில் கையை ஊன்றி இருமினாள். நான் சுவரைத் தாண்டப் போனேன். தலை நிமிராமலே கையை நீட்டி அங்கேயே நில் என்று காட்டினாள். இருமல் அடங்கியதும் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. அப்படிச் சிவந்த முகத்தை நான் எத்தனையோ தடவை அடுப்படியில் பார்த்திருக்கிறேன்.

"இங்க பாருங்க. வீட்டுக்குப் போனதும் இதக் கழட்டித் தொவைச்சு மடிச்சுப் பெட்டியில வைங்க. ஒரு தையல் பிரிக்கக் கூடாது. நீங்களும் தொடக் கூடாது, தங்கச்சியும் தொடக் கூடாது. நான் வந்து பிரிக்கிறேன். கேட்டுச்சா? நான் வந்துதான் பிரிப்பேன்!"

"கேட்டுச்சு" என்றேன்.

"என்ன கேட்டுச்சோ!" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். உள்ளே போகும்போது அவள் நர்சம்மாவிடம் கேட்டது, காற்று எங்கள் பக்கம் அடித்ததால் தெளிவாகக் காதில் விழுந்தது.

"மத்தியானக் கஞ்சி இன்னும் இருக்கா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் பார்க்க, வெட்கம் கெட்டு ஏங்கி ஏங்கி அழுதேன். மூத்தவள் பயந்துபோய்ச் சுவரிலிருந்து குதித்து வந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக என் கையைப் பிடித்தாள்.

"ஏன்யா அழுகிற? அம்மா ரொம்ப வைஞ்சிருச்சா?"

"ஆமாடி" என்றேன். "நல்லா வைஞ்சுட்டா."